எந்த ஊர்க் குழம்பு மலிவு?

ஓய்வு பெற்றவன் எழுதுகிறேன் என்றதும் நரைத்த மீசையையும் கைத்தடியையும் எதிர்பார்க்காதீர்கள். எனக்கு வயது இருபத்தெட்டு. ரப்பர் விலை விழுந்ததில் ஜொகூர் பாருவிலிருந்த எங்கள் கம்பெனி ஆபீஸ் பாதி காலியாயிற்று. காலியான பாதியில் நானும் ஒருவன். வழியனுப்பு உபசாரத்தில் ஒரு ரோஜா மாலை போட்டு, 'நமது இளைய நண்பர் ஓய்வு பெறுகிறார்' என்று ஒருவர் பேசினார். பேசியவர் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்துவிட்டேன்.

எங்கள் வாசகசாலைக்கு வருகிற இளைஞர்கள் இரண்டு பேருக்குச் சிங்கப்பூர் மொத்தக் கடைகளில் வேலை கிடைத்திருக்கிறது. அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு இவையெல்லாம் இங்கே ஜொகூரில் என்ன விலை, அக்கரைச் சிங்கப்பூரில் என்ன விலை, இந்தியாவில் என்ன விலை என்று ஒப்பிட்டு எழுதுகிற வேலை.

"அண்ணே, நீங்க இத்தனை வருஷமா இதைத்தானே செஞ்சீங்க? எப்படிச் செய்யறதுன்னு எழுதிக் குடுங்களேன்" என்றார்கள்.

"எழுதறதுக்கு என்னப்பா இருக்கு? கடைக்குப் போ, கேளு, எழுது" என்றேன். சொல்லி வாய் மூடுமுன் எனக்கே வெட்கமாகிவிட்டது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நானும் அதைத்தான் செய்தேன். அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டதும் நினைவுக்கு வந்தது. ஆகவே எழுதுகிறேன்.

ஜொகூர் நீரிணையில் பாலம் கட்டக் கல் கொட்டிக்கொண்டிருந்த காலம். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் ஏழாவது முடித்துவிட்டு, ஓரிடத்தில் உட்கார முடியாமல் திரிந்துகொண்டிருந்த என்னை அந்தக் கம்பெனி 'விலைக் குமாஸ்தா' என்று எடுத்துக்கொண்டது. கம்பெனிக்குப் பல ரப்பர் தோட்டங்கள் இருந்தன. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு கடை. அந்தக் கடைகளுக்குச் சாமானை எங்கே வாங்கினால் ஆதாயம் என்று பார்க்க வேண்டும். இந்தியாவிலிருந்து ஆள் எடுக்கும்போது இங்கே சாப்பாட்டுக்கு என்ன செலவாகும் என்று சொல்ல வேண்டும். இவ்வளவுக்கும் சேர்த்து ஒரு விலைப் பட்டியல், மாதா மாதம். திருச்சிராப்பள்ளி விலையை அங்குள்ள ஏஜண்டு கப்பல் தபாலில் அனுப்புவார். ஜொகூரும் சிங்கப்பூரும் என் பாடு.

முதல் நாள் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, படகேறி சிங்கப்பூர் போய், தேக்காக் கடைத்தெரு முழுவதும் கடை கடையாக ஏறி இறங்கி, மத்தியானத்துக்குள் பட்டியலை முடித்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். அவ்வளவு வேகம்! தலைமைக் குமாஸ்தா சபாரத்தினம் அதைப் படித்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இஸ்திரி மடிப்புக் கலையாத மனிதர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டால் ஆபத்து என்று அர்த்தம். ஏற்றினார்.

"ஐசே, இந்தச் சாமான் எல்லாம் எங்க?"

"எந்தச் சாமான் சார்?"

"நீர் விலை எழுதின சாமான்."

"கடையில இருக்கு சார்."

"அப்ப விலையும் கடையிலதான் கிடக்கு. காணும், கேட்ட விலை விலையில்லை. காசைக் குடுத்து, சாமான் கையில வந்தாத்தான் விலை. சும்மா கேக்கிறவனுக்குக் கடைக்காரன் ஒரு விலை சொல்லுவான். கோட்டுப் போட்டவனுக்கு இன்னொரு விலை சொல்லுவான். நீர் ரெண்டுமாப் போய் நிண்டிருக்கிறீர்."

மறுநாள் முதல் கோட்டு ஆணியில் தொங்கியது. வேட்டி, பழைய சட்டை, கையில் துணிப்பை. அதே கடை, அதே கிழமை, அதே நேரம். பேரம் பேசலாம், ஆனால் பக்கத்தில் நிற்கிற ஆள் பேசுகிற அளவுக்குத்தான். வாங்கி வந்ததை அவருடைய மேசைத் தராசில் மறுபடி நிறுக்க வேண்டும். அதோடு முடியாது. பருப்பில் கல்லைப் பொறுக்கி, மிளகாயில் காம்பைக் கிள்ளி, புளியில் கொட்டையை எடுத்துவிட்டு இன்னொரு தரம் நிறுக்க வேண்டும். கொட்டையோடு நிறுத்தால் சிங்கப்பூர்ப் புளி மலிவு. கொட்டையை எடுத்தால் ஜொகூர்ப் புளி மலிவு. இதைக் கண்டுபிடித்த நாளில் எனக்கு ஏதோ கண்டத்தையே கண்டுபிடித்த மாதிரி தலை கால் புரியவில்லை. சபாரத்தினம், "சரி, கொட்டையளைக் கூட்டி அள்ளும்" என்றார்.

தீப்பெட்டி வந்ததே, அதுதான் வேடிக்கை. ஜப்பான் பெட்டி விலை குறைவு. சுவீடன் பெட்டி விலை கூட. குச்சிகளை எண்ணினேன். ஜப்பான் பெட்டியில் குச்சியும் அதிகம். "அப்புறம் என்ன சார், ஜப்பான்தான்" என்றேன். கண்ணாடி மேலே ஏறியது.

"குச்சியை வைச்சு என்ன செய்யிறது?"

"பத்த வைக்கிறது சார்."

"அப்ப வையும்."

ஜன்னலோரம் நின்று இரண்டு பெட்டியையும் ஒவ்வொரு குச்சியாகக் கிழித்தேன். முறிந்த குச்சி, தலை பறந்த குச்சி, சீறிவிட்டு அணைந்த குச்சி என்று தனித் தனிக் குவியல். அறை முழுவதும் கந்தகப் புகை. அந்த நேரம் பார்த்துப் பெரிய துரை உள்ளே வந்தார். எங்கள் தோட்டங்களுக்கெல்லாம் மேலதிகாரி. தோட்டத்தில் சின்னத் துரையாக இருந்து உயர்ந்தவர். ஆகையால் தமிழ் பேசுவார், தமக்கே உரிய ஒரு தமிழ்.

"என்னா மேன், ஆபீசைக் கொளுத்தறியா?"

"வெல பாக்கறேன் துரை" என்றேன் இருமிக்கொண்டே.

அவர் சிரித்துவிட்டு, பற்றுகிற குச்சி ஒன்றைக் கேட்டு வாங்கி, சுருட்டைப் பற்ற வைத்துக்கொண்டு போனார். அவர் கைக்குப் போனது சுவீடன் குச்சி. சபாரத்தினம் அந்த ஒரு குச்சியையும் கணக்கில் சேர்க்கச் சொன்னார். பற்றிய குச்சியை மட்டும் எண்ணினால் சுவீடன்தான் மலிவு.

பாலம் திறந்த பிறகு ரயிலிலேயே அக்கரை போய் வந்தேன். இக்கரைச் சுங்கச் சாவடியில் ஒரு மலாய்க்காரர் என் பையைக் கொட்டச் சொல்வார். உள்ளங்கையளவு உப்பு, ஒரு கைப்பிடிப் பருப்பு, ஒரு துண்டு சோப்பு, ஒரு முழம் துணி. "அலமாக்! இது என்ன, பொம்மைக் கல்யாணமா?" என்று மலாயில் கேட்பார். சில மாதங்கள் போனதும், பையைப் பார்க்காமலே, "இன்றைக்குச் சர்க்கரை அங்கே மலிவா, இங்கே மலிவா?" என்று மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிடுவார். அவர் வீட்டுச் சர்க்கரைக்கும் நானே குமாஸ்தா.

இப்படி ஜாலியாகப் போய்க்கொண்டிருந்த வேலையில் ஒரு சிக்கல் வந்தது. பையன்களே, இனிச் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ரப்பர் அப்போதுதான் மெல்ல இறங்கத் தொடங்கியிருந்தது. லண்டன் ஆபீஸிலிருந்து பெரிய துரைக்கு ஒரு கடிதம் வந்தது. 'நம் தொழிலாளிகளுக்கு அவர்கள் சொந்த ஊரைவிட ஜொகூரில் சாப்பாட்டுச் செலவு குறைவு என்று கேள்விப்படுகிறோம். அப்படியானால் கோத்தா திங்கித் தோட்டத்தில் கூலியைக் கொஞ்சம் குறைக்க இடமுண்டு. விலைகளை ஒப்பிட்டு உறுதி செய்க.' துரை என்னைக் கூப்பிட்டார்.

"ஒரே வார்த்தை போதும் மேன். சீப்பா, சீப் இல்லையா?"

கோத்தா திங்கித் தோட்டத்துக் கடையில் நம் ஜனங்கள் அதிகமாக எதை வாங்குகிறார்கள் என்று பார்த்தேன். ரங்கூன் அரிசி, பொந்தியான் தேங்காய், நெத்திலிக் கருவாடு, மிளகாய். இதே சாமான்களைத் திருச்சிராப்பள்ளியில் வாங்கினால் என்ன ஆகும் என்று ஏஜண்டின் விலையோடு வைத்துப் பார்த்தேன். தேங்காயும் கருவாடும் அங்கே வண்டியேறிப் போக வேண்டியவை, ஆகவே விலை கூடுதல். ஜொகூர்தான் மலிவு, சந்தேகமே இல்லை. பட்டியலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

சபாரத்தினம் வாசித்தார். "ஓம், பிழையில்லை" என்றார். பிறகு மெல்ல, "இந்தச் சனம் ஊரில இதையே சாப்பிட்டவை?" என்று கேட்டார்.

சாப்பிடவில்லை. ஊரில் துவரம்பருப்பு, கத்தரிக்காய், நல்லெண்ணெய், கம்பு. அந்தச் சாமான்களை வைத்து இன்னொரு பட்டியல் போட்டேன். தலைகீழ்! கப்பலில் வருகிற பருப்பும் நல்லெண்ணெயும் இங்கே யானை விலை. கம்போ, மருந்துக்கு வாங்குவதுபோல் வாங்க வேண்டும். இந்தப் பட்டியலைப் பார்த்தால் திருச்சிராப்பள்ளிதான் மலிவு. ஜொகூர்க் குழம்பை அங்கே வைத்தால் செலவு கூடுதல். திருச்சிக் குழம்பை இங்கே வைத்தால் செலவு கூடுதல். இரண்டு பட்டியலிலும் ஒரு பிழை கிடையாது. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அன்றுதான் எனக்கு முதல் தடவையாகத் தலை சுற்றியது.

துரைக்குத் தலை சுற்றவில்லை. "எனக்கு ரெண்டு லிஸ்ட் வேணாம். ரெண்டும் கறிதானே? என்ன வித்தியாசம்?"

"வேணும்னா சமைச்சுக் காட்டறேன் துரை!" வாய் முந்திக்கொண்டது.

அவருக்கு அது பிடித்துப் போயிற்று. "சரி. ஞாயித்துக்கெழமை. தோட்டத்துல."

ஞாயிற்றுக்கிழமை காலை நானும் சபாரத்தினமும் சாமான் மூட்டைகளோடு கம்பெனி லாரியில் ஏறினோம். உலு திராம் தாண்டும் வரை அவர் மூட்டைகளையே திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டு வந்தார். அவருக்குப் பென்ஷன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. துரையைக் குழம்பு ருசி பார்க்கக் கூப்பிட்ட உதவியாளன் எப்படிப்பட்ட ஆபத்து என்று நினைத்திருப்பார்.

நாங்கள் போவதற்கு முன்பே, தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்துக்குச் செய்தி எட்டிவிட்டது. இந்த ஊர்க் குழம்பு துரைக்குப் பிடித்துவிட்டால் கூலி குறையும் என்று எல்லாருக்கும் தெரியும். தோட்டத்துக் கடை முன்னால் இரண்டு அடுப்பு மூட்டி, பால்மரம் வெட்டுகிற பச்சையம்மாள் சமைக்க உட்கார்ந்தார். முசிறிப் பக்கத்துக்காரர், இரண்டு குழம்பும் அறிந்தவர். ஒரு சட்டியில் ஊர்ப் பருப்புக் குழம்பு. இன்னொன்றில் இங்கே தினமும் வைக்கிற, தேங்காய்ப் பாலும் நெத்திலியும் போட்ட குழம்பு. சுற்றி நின்ற ஜனம் சும்மா இருக்குமா?

"அந்தக் கருவாட்டுச் சட்டியில உப்பை அள்ளிப் போடு பச்சை, துரை வாயில வைக்கக் கூடாது."

"போடா, எங்கையால ஒரு கொழம்பு கெட்டுச்சுன்னு பேரு வரவா?"

சபாரத்தினத்தாலும் பொறுக்க முடியவில்லை. "பிள்ளை, முதல் பாலை இப்ப விடாத. இறக்கேக்க விடு."

"ஐயா, நீங்க கணக்கைப் பாருங்க. சட்டியை நான் பாத்துக்கறேன்."

லயம் முழுவதும் சிரித்தது. அவரும் சிரித்தார். அவர் பற்களை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

துரை வந்தார். நாற்காலி போட்டார்கள். சோற்றில் இரண்டு குழம்பையும் தனித் தனியாக ஊற்றிச் சாப்பிட்டார். பருப்புக் குழம்புக்குத் தலையை ஆட்டினார். நெத்திலிக் குழம்பை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தார்.

"இது நல்ல டேஸ்ட். இதுதான் சீப்பும். அப்போ பேச்சு முடிஞ்சுது."

தோட்டத்துக் கங்காணி தலையைக் குனிந்துகொண்டார். பச்சையம்மாள் மட்டும் கரண்டியோடு எழுந்து நின்றார்.

"ருசியாத்தான் இருக்கும் துரை. கெடைக்கறதை வச்சு ருசியாப் பண்ணிக்கிட்டோம். ருசியாப் பண்ணிக்கிட்டா கூலியக் கொறைக்கறது எந்த ஊரு ஞாயம்?"

"நீங்க சாப்பிடறது இதுதானே? பிடிச்சுத்தானே சாப்பிடறீங்க?"

பச்சையம்மாளுக்குக் கண் சிவந்துவிட்டது. நானும் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பதினைந்து நாள் முன்னால்தான் நான் வேறொரு பட்டியல் போட்டு முடித்திருந்தேன். கம்பெனியின் வெள்ளைக்கார அதிகாரிகளுக்குச் சம்பளத்தோடு ஒரு படிக்காசு உண்டு. வெண்ணெய் டப்பா, ஜாம், உப்புப் பன்றியிறைச்சி, பிஸ்கோத்து இவையெல்லாம் லண்டனில் என்ன விலை, சிங்கப்பூரில் என்ன விலை என்று ஆறு மாதத்துக்கொரு தரம் நான்தான் எழுதித் தருவேன். இங்கே விலை கூடுதல் என்பதால் அந்தக் கூடுதலுக்குத்தான் படிக்காசு. அந்தப் பட்டியல் என் கண் முன்னால் அப்படியே வந்து நின்றது.

"துரை, ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளு மேன்."

"உங்க படிக்காசுக் கணக்கை எந்தக் குழம்பு வச்சுப் போட்டோம்?"

அவருக்குப் புரியவில்லை. எனக்கோ நிறுத்தத் தெரியவில்லை. "உங்க லிஸ்ட்ல நான் வெண்ணெய்தான் போட்டேன். தேங்காய்ப்பால் போடல. உங்க ஊர்ச் சாப்பாட்டை இங்க வாங்குனா எவ்வளவு ஆகும்னுதான் கேட்டாங்க. இந்த ஊர்ச் சாப்பாட்டுக்கு மாறிக்கிட்டா எவ்வளவு மிச்சம்னு யாரும் கேக்கல. இவங்களுக்கு மட்டும் மாறிக்கிட்ட சாப்பாட்டை வச்சுக் கணக்குப் போடச் சொல்றாங்க. ஒரே கம்பெனி, ஒரே குமாஸ்தா. ரெண்டு விதமாப் போட்டா எது துரை சரி?"

"அது என் சாப்பாடு. அது வேற."

"சாப்பாடு வேறதான் துரை. கணக்கு ஒண்ணுதானே?"

துரையின் முகம் வெற்றிலை போட்ட வாய் மாதிரிச் சிவந்தது. என்னை விட்டுவிட்டுச் சபாரத்தினத்தின் பக்கம் திரும்பினார். "இது நீ சொல்லிக் குடுத்ததா?"

சபாரத்தினம் எழுந்து நின்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அதுதான் உண்மையும்கூட.

"நான் சொல்லிக் குடுக்கேல்லை துரை" என்றார். "ஆனா பெடியன்ரை கணக்கில பிழையில்லை. லண்டன் கேட்டால் நான் கையெழுத்து வைப்பன்."

துரை நெத்திலிக் குழம்புச் சட்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி சட்டியைப் பார்த்தார். அந்த மண்டைக்குள் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். மலிவான குழம்பை வைத்துக் கணக்குப் போடலாம் என்று அவரே லண்டனுக்கு எழுதிக் கொடுத்தால், அங்கேயிருக்கிற ஏதோ ஒரு கணக்கன் நாளைக்கு அவருடைய வெண்ணெய் டப்பாவையும் எடுத்துவிடுவான்.

திடீரென்று சிரித்தார். பெருஞ்சிரிப்பு. "அப்போ நானும் டெய்லி நெத்திலி திங்கணுமா?"

"ஒங்களுக்கு மூணு நாளைக்குப் பொறுக்காது துரை, வயித்தால போயிடும்" என்றார் பச்சையம்மாள். கங்காணிகூடச் சிரித்துவிட்டார்.

லண்டனுக்குத் திருச்சிராப்பள்ளிக் குழம்புப் பட்டியல்தான் போயிற்று. 'தற்சமயம் கூலியில் மாற்றம் வேண்டியதில்லை' என்று பதில் வந்தது. திரும்பி வரும்போது லாரியில் சபாரத்தினம் என்னைத் திட்டிய திட்டை எழுத இங்கே இடமில்லை. "ஐசே, உமக்கு வாய் இருக்கிற இடத்தில மூளை இருந்திருந்தா நீர் இண்டைக்கு மாஜிஸ்திரேட்டு" என்பது அதில் மிகவும் மென்மையான வாக்கியம். திட்டி முடித்துவிட்டு, கூடையிலிருந்து ஒரு தூக்குச் சட்டியை எடுத்தார். மிச்ச நெத்திலிக் குழம்பு. பச்சையம்மாளிடம் கேட்டு வாங்கியிருக்கிறார்!

பையன்களே, நாங்கள் ஜெயித்தோம் என்று இத்தோடு முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். முடிக்க முடியாது. ரப்பர் படுத்துவிட்டது. கூலி குறைந்தது, எங்கள் தோட்டத்தில் மட்டுமல்ல, எல்லாத் தோட்டத்திலும். சபாரத்தினம் எப்படியோ பென்ஷன் வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணம் கப்பலேறிவிட்டார். அந்த மாதக் கடைசியில் நானும் மாலை போட்டுக்கொண்டேன்.

ஆனால் ஒன்று. கூலி குறைப்பைச் சொன்ன அன்று நான் தோட்டத்தில் இருந்தேன். விடியற்காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில் எல்லாரும் வரிசையாக நிற்க, கங்காணி அறிவிப்பைப் படித்தார். ரப்பர் விலை விழுந்துவிட்டபடியால் கூலி குறைக்கப்படுகிறது.

பச்சையம்மாள் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். "சோறு மலிவா இருக்குன்னு போட்டிருக்கா?"

"அப்படிப் போடல" என்றார் கங்காணி.

"ரப்பர் விழுந்துச்சு, அதான்னு போட்டிருக்கா?"

"அதான் போட்டிருக்கு."

"அப்ப ரப்பர் ஏறுனா கூலியும் ஏறணும்ல?"

கங்காணி காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அதற்குப் பதில் அதில் இல்லை. ஆனால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். அன்று மத்தியானமே நாலு பேர் என்னைச் சூழ்ந்துகொண்டு, ரப்பர் விலையை எங்கே பார்ப்பது, யார் சொல்வார்கள் என்று பிடித்துக்கொண்டார்கள்.

ஓய்வு பெற்ற எனக்கு இப்போது அதுதான் வேலை. சம்பளமில்லை. வாரத்தில் ஒரு நாள் ரயிலேறி சிங்கப்பூர் போய், ரப்பர் ஏலம் முடிந்து வெளியே வருகிறவர்களிடம் விலையைக் கேட்டுக்கொள்கிறேன். திரும்பி வந்து கோத்தா திங்கி லாரிக்காரரிடம் சொன்னால், அவர் பச்சையம்மாளிடம் சொல்லிவிடுவார். பிறகு லயம் முழுவதும் தெரிந்துவிடும். துரைக்குக் கடைசியில் தெரிந்தால் போதும்.

இந்த வாரம் ரப்பர் அரைக் காசு ஏறியிருக்கிறது. சொல்லி அனுப்பியாகிவிட்டது.